குதிரை சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகக் காரணமும் சரிசெய்யும் வழியும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்து மூன்று வாரம்கூட ஆகாது, எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, சந்தையில ஓட்டிப் பார்த்தப்போ பசு மாதிரி இருந்துச்சுங்க. இப்ப சேணத்தைக் கையில எடுத்தாலே கடிக்க வருதுங்க." ஊர் மாறும், குதிரையின் நிறம் மாறும், விலை மாறும். பேச்சு மட்டும் மாறாது. கூடவே, "சுழி ஏதாவது சரியில்லையாங்க?" என்ற கேள்வியும் வந்துவிடும்.

சுழி பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர் மனத்திருப்திக்குப் பார்க்கட்டும், நான் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் ஒரு குதிரை கடிப்பதற்கும் உதைப்பதற்கும் சுழி காரணமாக இருந்து நான் பார்த்ததில்லை. முதுகு காரணமாக இருந்திருக்கிறது, பல் இருந்திருக்கிறது, குளம்பு இருந்திருக்கிறது, காலி வயிறு இருந்திருக்கிறது. ஏறி உட்கார்ந்தவரின் கையும் இருந்திருக்கிறது.

அதனால் எந்தக் குதிரையாக இருந்தாலும் ஒரே வரிசையில்தான் தேடுகிறேன். முதலில் வலி. வலி இல்லையென்றால் பயம். பயமும் இல்லையென்றால், நாம் கேட்பது அதற்குப் புரியவில்லை. இந்த மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் 'பழகிப்போன கெட்ட பழக்கம்' என்ற முடிவுக்கு வரலாம். நிறையப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். பழக்கம் என்று முடிவுகட்டி அடிக்கிறார்கள், அடியால் பயம் சேர்கிறது, வலி அப்படியே உள்ளே கிடக்கிறது. குதிரை வேட்டையாடப்பட்டே வளர்ந்த இனம். நாயைப் போலக் கத்தி வலியைச் சொல்லாது, முடிந்தவரை மறைக்கும். மறைக்க முடியாதபோது வெளியே வருவதைத்தான் நாம் 'முரண்டு' என்கிறோம்.

எதற்கும் முன்னால்

புதிதாக வந்த குதிரைக்கு இரண்டு வாரம் கொடுங்கள். சந்தையில் நிற்கும்போது அதைச் சுற்றி நூறு குதிரைகள் இருந்தன. பயணக் களைப்பும் இருந்தது. உங்கள் வீட்டில் அது தனியாக நிற்கிறது, தண்ணீரின் ருசிகூட வேறு. கையில் பிடித்து நடத்துங்கள், தேய்த்துவிடுங்கள், அது தின்னும்போது பக்கத்தில் சும்மா நில்லுங்கள். சவாரி அப்புறம்.

அந்த நாட்களில் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள். குதிரை அமைதியாக நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. கீழ்த்தாடை எலும்பின் உட்பக்கம் விரலை உருட்டினால் நாடி தட்டுப்படும். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16, விலா ஏறி இறங்குவதை எண்ணலாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கும் உடல் சூடு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். நல்ல நாளில் உங்கள் குதிரையின் எண் என்ன என்று தெரிந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

ஹெல்மெட், குதிகால் உள்ள ஷூ இரண்டும் இல்லாமல் ஏறாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது, மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும்.

சேணம் போட்டால் கடிக்க வருகிறது, வயிற்று வாரை இறுக்கினால் காலை உதறுகிறது

எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இதுதான். நானே தவறு செய்து கற்றதும் இதில்தான்.

பல வருடம் முன்பு ஒரு செந்நிறப் பெண்குதிரை வந்தது, மார்வாரி இனம். வாரை இறுக்கும்போதெல்லாம் காதைப் பின்னால் மடக்கி என் தோள்பக்கம் பல்லைக் கொண்டுவரும். மூன்று நாள் கழுத்தில் தட்டித் தட்டி அடக்கினேன். நான்காவது நாள், அந்தக் காலத்தில் ஜட்கா வண்டி ஓட்டிய ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல முதுகைத் தடவிப் பாருப்பா" என்றார். சேணத்தை எடுத்துவிட்டு, முதுகெலும்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, பென்சிலைப் பிடிக்கும் அழுத்தத்தில் இரண்டு விரலை வைத்து, தோள்மேட்டிலிருந்து (கழுத்து முதுகோடு சேரும் மேடு) இடுப்பு நோக்கி மெதுவாக இழுத்தேன். வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒரு சாண் வந்ததும் தோல் சிலிர்த்தது. இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்ததும் முதுகு அப்படியே கீழே பள்ளமாக இறங்கியது, தலை மேலே போனது, கண்ணுக்கு மேலே தோல் சுருங்கியது. சேணத்தைத் திருப்பிப் பார்த்தால், அதே இடத்தில் உள்ளே இருந்த பஞ்சு கட்டி தட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாகக் கிடந்தது. அந்தக் கல்லின் மேல்தான் என் எடை மொத்தத்தையும் மூன்று நாள் வைத்திருந்தேன். அந்தக் குதிரையிடம் தட்டிய தட்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஆக, செய்ய வேண்டியது: மேலே சொன்னபடி முதுகின் இரு பக்கமும் விரலால் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நெளிந்தால் சேணத்தின் அந்தப் பக்கத்தைச் சோதியுங்கள். அரை மணி நேரம் ஓட்டி இறங்கியதும் சேணத்தை எடுத்து வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் அதிகம். அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய காயம். விலாவில் வார் உரசும் இடத்தில் புண், உண்ணி, காய்ந்த சேறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது எடை. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எடை மேடை இல்லாவிட்டால் டேப் போதும். தோள்மேட்டுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவை செ.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. அந்தக் குதிரை தாங்குவது ஏறக்குறைய 69 கிலோ. சேணமே பத்து கிலோ இருக்கும் என்றால் 80 கிலோ ஆள் அதன் மேல் ஏறுவது நியாயமில்லை.

முதுகு, சேணம், எடை மூன்றும் சரியாக இருந்தும் வாரைத் தொட்டாலே கோபப்படுகிறதா? வயிற்றைச் சந்தேகப்படுங்கள். குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணிக்கு ஏற்ற அமைப்பு அது. நாமோ காலையில் ஒரு கட்டுப் புல், மாலையில் ஒரு வாளி கொள்ளு என்று போட்டுவிட்டு நடுவில் பத்து மணி நேரம் வெறும் தரையில் கட்டிவைக்கிறோம். அமிலம் இரைப்பைச் சுவரைத் தின்ன ஆரம்பிக்கும். மினுமினுப்பு போன முடி, தீவனத்தைப் பாதியில் விடுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது இவையெல்லாம் துணை அறிகுறிகள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே காய்ந்த புல் அல்லது சோளத்தட்டை 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பிரித்துப் போடுங்கள். 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும், அதில் பெரும்பகுதி நார்த்தீவனமாக இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் புல் தின்ன விடுங்கள். வெறும் வயிற்றோடு ஓட்டினால் அமிலம் தளும்பி மேலே ஏறும்.

கடிவாளம் போட வாயைத் திறக்காது, போட்டபின் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும்' என்று குதிரையைக் கேலி செய்யும் பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு. ஒருமுறை அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கேலி செய்யத் தோன்றாது.

குதிரையின் கடைவாய்ப் பற்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேயும். தேய்மானம் சீராக இருக்காது. மேல்பற்களின் வெளி ஓரம் கன்னத்தைக் கிழிக்கும் அளவுக்குக் கூராகும், கீழ்ப்பற்களின் உள் ஓரம் நாக்கைக் கிழிக்கும். வருடம் ஒருமுறை அரம் போட்டு ராவ வேண்டும். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. பெரும்பாலான குதிரைகளை நாம் பழக்க ஆரம்பிப்பதும் சரியாக அதே வயதில்தான். போதாததற்குச் சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் பூண்டுப் பல்லைவிடச் சிறியதாக ஒரு உபரிப் பல் இருக்கும். கடிவாள இரும்பு நேராக அதில் போய் இடிக்கும். மருத்துவர் அதைப் பிடுங்கிவிட்டால் தலை உதறுவது நின்றுபோன குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாய் சரியாக இருந்தால் இரும்பைப் பாருங்கள். முள் வைத்த கடிவாளத்தை எடுத்துக் குப்பையில் போடுங்கள். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கு முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் வருட மத்திய அரசு விதிகள் தடை செய்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், நாக்கில் ஆணி வைத்து ஒரு உயிருக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. நடுவில் இணைப்புள்ள வழவழப்பான, சாதாரண இரும்பு போதும். உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் உயரத்தில் நிற்க வேண்டும்.

வலி தீர்ந்த பிறகும் சில நாள் வாய் மூடும், ஏனென்றால் ஞாபகம் இருக்கும். கடைவாய்ப் பல்லுக்கும் முன்பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஈறில் கட்டைவிரலை மெதுவாக வையுங்கள், வாய் திறக்கும். திறந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். இரும்பில்லாமல் இதை மட்டும் இரண்டு நாள் செய்யுங்கள். அப்புறம் இரும்பில் கொஞ்சம் வெல்லம் தடவிக் காட்டுங்கள். கழற்றும்போது பல்லில் 'டக்'கென்று இடிக்காமல், குதிரையே துப்பும்வரை பொறுத்துக் கழற்றுங்கள். அவசரமாகக் கழற்றுவதால் கெட்டுப்போன குதிரைகள் நிறைய.

லகானை இழுக்க இழுக்க இன்னும் வேகமாக ஓடுகிறது, ஏறும்போது நிற்பதுமில்லை

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையை வாங்கியிருந்தால் இது முரண்டே இல்லை. அது கற்ற பாடத்தை ஒழுங்காகச் செய்கிறது. பந்தயக் குதிரை லகானின் இறுக்கத்தில் சாய்ந்து ஓடவே பழக்கப்படுகிறது. ஜாக்கி பிடியை இறுக்கினால் 'வேகம் வரப்போகிறது' என்று அர்த்தம். அதேபோல் ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார், பல நேரம் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. நின்றபடி ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை ஆழமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடி. குதிரை அழுத்தத்தால் கற்பதில்லை, அழுத்தம் விலகும் நொடியில் கற்கிறது. லகானை இழுக்கிறீர்கள், குதிரை நிற்கிறது. நின்ற அந்த நொடியில் கை தளர்ந்தால், 'ஓ, நின்றால் இது விடுகிறது' என்று புரிந்துகொள்ளும். நின்ற பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால், நின்றதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. அடுத்த முறை ஏன் நிற்க வேண்டும்? இரண்டு கையாலும் விடாமல் தொங்கும் ஆளிடம் குதிரையின் வாய் மரத்துப்போவது இதனால்தான்.

பயிற்சியைத் தரையிலிருந்து தொடங்குங்கள். கயிற்றில் பிடித்து நடத்தி, நீங்கள் நின்று, கயிற்றில் லேசான அழுத்தம் கொடுங்கள். ஒரு அடி பின்வாங்கினாலும் உடனே தளர்த்துங்கள். அப்புறம் மேலே உட்கார்ந்து, நின்ற நிலையில் ஒரு லகானை மட்டும் மெதுவாக உங்கள் முழங்கால் பக்கம் கொண்டுவாருங்கள். மூக்கு உங்கள் கால்பக்கம் திரும்பி, இழுப்பு இல்லாமல் தொய்ந்ததும் விடுங்கள். இடம், வலம் இரண்டும். இது நின்ற நிலையில் பழகிய பின் நடையில், அப்புறம் டிராட்டில், அதாவது மெதுவோட்டத்தில். என்றாவது குதிரை நிஜமாகவே கிளம்பிவிட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

அப்படிக் கிளம்பிவிட்டால்: பின்னால் சாய்ந்து இரண்டு லகானையும் இழுக்காதீர்கள். ஒரு கையைப் பிடரியில் ஊன்றுங்கள், மறு லகானை இழுத்து விடு, இழுத்து விடு என்று கொடுத்து, பெரிய வட்டத்தில் திருப்பி மெல்லச் சிறிதாக்குங்கள். முழு வேகத்தில் தலையை வெடுக்கென்று மடக்கினால் கால் பின்னி இரண்டு பேரும் விழுவீர்கள். இதற்கெல்லாம் இடம் வேண்டும், அதனால் புதுக் குதிரையைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள்.

ஏறும்போது நிற்க வைக்க: ஒரு கல்மேடையோ உயரமான பெஞ்சோ பயன்படுத்துங்கள். தரையிலிருந்து அங்கவடியில் (கால் வைக்கும் வளையம்) தொங்கி ஏறும்போது சேணம் ஒரு பக்கம் இழுபட்டுத் தோள்மேட்டைத் திருகும், வலியால் நகரும் குதிரைகளும் உண்டு. நகர்ந்தால் திட்டாமல் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஏறியதும் உடனே கிளம்பாமல் இருபது எண்ணும்வரை சும்மா உட்காருங்கள். ஒரு வாரத்தில் அதுவே காத்திருக்கும்.

நடக்கச் சொன்னால் ஆடுகிறது

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஆட்டம் போடப் பழகிய குதிரையைச் சவாரிக்கு வாங்குகிறோம். லகான் இறுகியதும் அது நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஆடும். மேளச் சத்தம் கேட்டால் இன்னும் அதிகம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கழுத்து வியர்த்து, கண் வெள்ளை தெரிந்து ஆடினால் அது பதற்றம். அப்படி ஆடுவதை அடியால் பழகியிருந்தால், அடிக்குப் பயந்தே ஆடும். 'நிறுத்து' என்று நாம் அடித்தால் இன்னும் வேகமாக ஆடும், பாவம், அதற்கு வேறு பதில் தெரியாது.

லகானைத் தளர விடுங்கள். பயமாகத்தான் இருக்கும், அதனால் வேலி உள்ள இடத்தில் செய்யுங்கள். பெரிய எட்டு வடிவத்தில் நடத்துங்கள். வளைவில் திரும்பும்போது பின்னங்கால் ஒன்றையொன்று கடக்க வேண்டியிருப்பதால் ஆட முடியாது. நான்கு அடி சாதாரணமாக நடந்தாலும் கழுத்தைச் சொறிந்து கொடுங்கள். தோள்மேட்டுக்கு முன்னால் சொறிவது குதிரைக்குப் பிடித்த இடம், ஒன்றையொன்று அவை அங்கேதான் கொறித்துக்கொள்ளும். இந்த வேலைக்கு மாதக்கணக்கு ஆகும், வாரத்தில் முடியாது. ரவால் நடை போடும் குதிரையை ஆடுகிறது என்று தவறாக நினைக்க வேண்டாம். அது மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் பிறவியிலேயே வரும் நடை, குலுங்காமல் முன்னே போகும்.

லாயத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது, திரும்பும்போது மட்டும் பறக்கிறது

கால்வலி இல்லை என்று பார்த்துவிட்டீர்களா? சரி, அப்படியென்றால் பயம். தனியாகப் போவது குதிரைக்கு உயிர்ப் பிரச்சினை. வெளியே போனால் வேலை, வீட்டுக்கு வந்தால் கொள்ளு என்று நாமே கற்றும் கொடுத்துவிட்டோம்.

அதைத் திருப்பிப் போடுங்கள். எதுவரை அமைதியாக வருகிறதோ அதுவரை மட்டும் போங்கள், நூறு அடியாக இருந்தாலும் சரி. அங்கே இறங்கி மேயவிட்டு, அது திரும்பத் துடிக்கும் முன்பே நீங்களாகத் திருப்புங்கள். நாளை நூற்றிருபது அடி. லாயத்துக்கு வந்ததும் உடனே சேணத்தைக் கழற்றித் தீனி போடாமல், முற்றத்தில் பத்து நிமிடம் வட்டம் போடவையுங்கள். பாதையை அடிக்கடி மாற்றுங்கள். வேகமாகத் திரும்ப ஆரம்பித்தால் அங்கேயே திருப்பி நான்கு அடி வெளிப்பக்கம் நடத்தி, மறுபடி வீட்டுப்பக்கம் திரும்புங்கள். துணைக்கு ஒரு ஆடு கட்டிவைத்தாலும் சில குதிரைகளுக்குப் பதற்றம் குறைகிறது.

மிரள்கிறது

பிளெக்ஸ் பேனர் படபடத்தால், பாலிதீன் பை பறந்தால், சாலையில் தேங்கிய தண்ணீர் பளபளத்தால் பக்கவாட்டில் ஒரே தாவு. குதிரையின் கண் தலையின் பக்கங்களில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், அசைவைப் பிடிப்பதில் கில்லாடி. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் கண் பழக நம்மைவிட நேரம் எடுக்கும். புளியமரத்து நிழலில் அது தயங்கி நின்றால் உண்மையிலேயே முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நிற்கிறது.

மிரளும்போது நாம் செய்வது என்ன? மூச்சைப் பிடிக்கிறோம், தொடையை இறுக்குகிறோம், லகானைச் சுருட்டுகிறோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. விடை வரும்வரை குளம்பால் தட்டும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்து, கேள்வி கேட்பவரின் தலையிலும் உடலிலும் தெரியும் மிகச் சிறிய அசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்துகிறது என்று காட்டினார். கேட்டவருக்கே தான் அசைந்தது தெரியாது. அவ்வளவு நுட்பமாக நம்மைப் படிக்கும் பிராணி, நம் பிடிபட்ட மூச்சைப் படிக்காதா? 'நம்ம ஆளே பயப்படுறார், அப்போ ஆபத்துதான்' என்று முடிவு செய்துவிடுகிறது. வாய்விட்டுப் பேசுங்கள், பாடுங்கள். பேசும்போது மூச்சைப் பிடிக்க முடியாது.

பயிற்சிக்கு எனக்குப் பிடித்த வழி: ஒருவரிடம் பாலிதீன் சாக்கைக் கொடுத்து, குதிரையை விட்டு விலகி முன்னால் நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு இருபது அடி தள்ளிப் பின்தொடருங்கள். பயமுறுத்தும் பொருள் தன்னைக் கண்டு 'ஓடுகிறது' என்றால் குதிரைக்குத் துணிச்சல் வரும். தலை தாழ்ந்து, வாய் மெல்லும் வரை நடங்கள். மெதுவாக இடைவெளியைக் குறையுங்கள். நெருங்கிப் போய் முகர்ந்துவிட்டால் அன்றைக்கு அதோடு விடுங்கள். சாக்கைக் கொண்டுவந்து முகத்தில் ஆட்டி 'பழக்கும்' வேலை மட்டும் வேண்டாம்.

பின்னங்காலை வீசித் துள்ளுகிறது

முதுகுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அது சரியென்றால் தீனிக் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு அரை மணி நேரம் நடக்கிற குதிரைக்குப் பந்தயக் குதிரை அளவு கொள்ளு போனால் அந்தச் சக்தி எங்கே போகும்? தானியத்தைக் குறைத்து, புல்லைக் கூட்டி, அவிழ்த்துவிட்டு ஓடவிடுங்கள். மேலே இருக்கும்போது துள்ளினால் தலையைக் கீழே போகவிடாதீர்கள். ஒரு லகானால் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பி முன்னே நடத்துங்கள். தலை கீழே போகாமல் குதிரையால் பெரிதாகத் துள்ள முடியாது.

முன்னங்காலைத் தூக்கி எழுந்து நிற்கிறது

இதில் சமரசம் கிடையாது. சவாரியை நிறுத்துங்கள். வாய், பல், முதுகு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்னே போகவும் விடாமல் பின்னே இழுத்துக்கொண்டே காலால் உதைத்தால், குதிரைக்கு மிச்சமிருக்கும் ஒரே திசை மேலேதான். ஆட்டக் குதிரைகளில் சிலவற்றுக்கு இதையே வித்தையாகவும் பழக்கியிருப்பார்கள். திடீரென்று எழுந்தால் லகானை முழுக்க விட்டு, கழுத்தைக் கட்டிக்கொள்வதுபோல் முன்னால் சாயுங்கள். லகானைப் பிடித்துத் தொங்கினால் குதிரை உங்கள் மேலேயே மல்லாந்து விழும். கால் தரையைத் தொட்டதும் முன்னே நடத்துங்கள். இரண்டாவது முறையும் எழுந்தால் இறங்கிவிட்டு, அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் ஒப்படையுங்கள். எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் இதுதான் என் பதில்.

சோம்பல் என்று நினைப்பவை

இவை மூன்றையும் தனியாகச் சொல்லக் காரணம், இவற்றுக்குச் சாட்டை எடுத்தவர்கள் குதிரையையே இழந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் ஓய்வில் முழுத் தீனி தின்றுவிட்டு, மறுநாள் ஓட்டிய சிறிது நேரத்தில் பின்தொடை கல்லாக இறுகி, வியர்த்து, நகர மறுத்தால் அது தசைப்பிடிப்பு நோய். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஒரு அடிகூட நடத்தாதீர்கள், அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். இனி ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாக்குங்கள்.

பின்கால் இழுபடுகிறது, சிறிய வட்டத்தில் திருப்பினால் தன் காலையே மிதிக்கிறது என்றால் கும்ரியாக இருக்கலாம். மாட்டின் வயிற்றுக்குழியில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் கொசுக்கடி வழியாகக் குதிரைக்குள் வந்து, வழிதவறித் தண்டுவடத்தில் ஏறுவதால் வருவது. மாட்டுக்கொட்டகையும் குதிரை லாயமும் ஒட்டி இருக்கும் நம் தோட்டங்களில் கொசுவைத் தடுப்பது அதனால்தான் முக்கியம். எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது, வேர்க்காத குதிரை. சென்னை, கடலூர் மாதிரிப் புழுக்கமான கடலோரத்துக்கு வந்த குதிரைகளிடம் பார்க்கலாம். மற்ற குதிரைகள் நனைந்து நிற்கும்போது இதன் தோல் மட்டும் காய்ந்திருக்கும், மூக்குத்துளை விரிந்து இரைக்கும், பத்து நிமிடத்தில் படுத்துவிடப் பார்க்கும். சூடு 104 டிகிரியைத் தொட்டால் ஆபத்து. நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், மின்விசிறி போடுங்கள், மருத்துவரை வரவழையுங்கள். அப்புறம் விடியற்காலை தவிர வேறு நேரத்தில் ஓட்ட வேண்டாம். எல்லாக் குதிரைக்கும் தினமும் 25 முதல் 30 கிராம் சாதா உப்பு தீனியில் வேண்டும், வியர்க்கும் நாளில் கூடுதலாக.

காலைத் தூக்க விடாது

குளம்பு மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவ வேண்டும். அதனால் இந்தப் பழக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. முதலில் குளம்பைச் சுரண்டிப் பாருங்கள். நடுவிலுள்ள முக்கோண மெத்தையில் கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல், ஈரத்தரையில் நிற்பதால் வருவது. லாயத்தைக் காய வையுங்கள். அது இல்லையென்றால் இரண்டு நொடி தூக்கி, குதிரை பிடுங்கும் முன்பே நீங்களாக இறக்கிவையுங்கள். அப்புறம் ஐந்து நொடி. வயதான குதிரைக்குப் பின்காலை உயரத் தூக்கினால் மூட்டு வலிக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும் என்று லாடம் அடிக்கிற அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வண்டியில் ஏறாது

வெளியே வெயில், உள்ளே இருட்டு, காலடியில் பலகை ஓசை. நான்கு பேர் பின்னால் நின்று தடியால் தள்ளினால் ஒருமுறை ஏறும், அடுத்த முறை வண்டியைப் பார்த்ததுமே மல்லுக்கு நிற்கும். ஊருக்குப் போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். உள்ளே வெளிச்சம் வர இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள், பலகையின் மேல் வைக்கோல் பரப்புங்கள். முன்னே போக லேசாகக் கயிற்றில் அழுத்தம், ஒரு கால் வைத்ததும் தளர்வு. ஒரு கால் வைத்ததும் நீங்களே பின்னால் இறக்குங்கள். அப்புறம் இரண்டு கால், மறுபடி இறக்குங்கள். இறங்கும் வழி தெரிந்த குதிரைதான் ஏறத் துணியும். நான்கு காலும் உள்ளே போன அன்று கதவைச் சாத்தாதீர்கள், உள்ளேயே புல் போட்டுத் தின்னவிட்டு வெளியே கூட்டிவந்துவிடுங்கள். கதவு மறுநாள்.